டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்கு: மலையகப் பொறியியல் மாணவரும் எழுத்துப் பாடங்களும்

உடப்புசல்லாவை, இராகலை, கந்தப்பளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து பொறியியல் பட்டத்துக்குச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் தோற்றி, வெட்டுப்புள்ளியைத் தாண்டி, பேராதனை, மொறட்டுவை, உறுகுணை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு போன்ற பல்கலைக்கழகமொன்றின் பொறியியல் பீடத்தில் முதலாம் ஆண்டில் சேர்வது ஒன்று. வெட்டுப்புள்ளிக்குச் சில தசமங்கள் கீழே நின்றுபோனவர்கள் டிப்ளோமா படித்து, பலர் இடையில் வேலைக்கும் போய், பிறகு அந்த டிப்ளோமாவின் பலத்தில் பட்டப்படிப்பின் நடுவில் நுழைவது மற்றது. இரண்டாம் வழியால் வருபவர்கள் பட்டறையிலும் கணக்கிலும் பெரும்பாலும் சளைப்பதில்லை. தொழில்நுட்பமும் சமூகமும், பொறியியல் ஒழுக்கவியல், பொருளியல், முகாமைத்துவம், தொடர்பாடல் என்று பட்டத்தோடு சேர்ந்துவரும் பொதுப் பாடங்களில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். அங்கே வாசித்து, யோசித்து, பக்கம் பக்கமாக எழுதித் தேற வேண்டும். அதையும் ஆங்கிலத்தில் செய்ய வேண்டும்.

இந்தத் தடுமாற்றத்தை "இங்கிலிஷ் வீக்" என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆங்கிலம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாதாரண தரத்துக்குப் பிறகு, ஏறத்தாழ பதினாறு வயதிலிருந்து, எந்த மொழியிலும் ஒரு வாதத்தைத் தொடர்ந்து எழுதிக் காட்டும்படி இந்த மாணவர்களிடம் கல்விமுறை கேட்டதே இல்லை. கேட்காத ஒன்றைப் பட்டத்தின் வாசலில் வைத்துத் திடீரென்று கேட்கிறது. சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

எழுத்து ஏன் பட்டத்துக்குள் வந்தது

பொறியியல் மாணவர் சமூகத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற கருத்து புதிதன்று. அமெரிக்காவில் 1955இல் வெளியான கிரின்டர் அறிக்கை, பொறியியல் பாடத்திட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மானிடப் பாடங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் போக வேண்டும் என்று பரிந்துரைத்தது. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் இன்றும் பொறியியல் மாணவர் கட்டுரை எழுதும் பொதுப் பாடங்களைக் கடந்தே பட்டம் பெறுகிறார். சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு மாறி வருபவர்களுக்கு அவையே அங்கும் தலைவலி.

இலங்கையைப் பொறுத்தவரை, இப்பாடங்களைத் தட்டிக்கழிக்க முடியாதபடி செய்தது வாஷிங்டன் உடன்படிக்கை. 1989இல் ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் முழு உறுப்புரிமை பெற்றது. இதன்படி தரச்சான்று பெறும் பட்டம் ஒன்று, கணிதமும் வடிவமைப்பும் தெரிந்த ஒருவரை உருவாக்கினால் போதாது. பொறியியலாளரின் சமூகப் பொறுப்பு, சுற்றாடல், ஒழுக்கம், குழுவேலை, தொடர்பாடல், திட்ட முகாமைத்துவம் ஆகியவற்றிலும் அவர் தேர்ச்சி பெற்றவர் என்று சான்று காட்ட வேண்டும். எழுத்துப் பாடங்களைப் பீடங்கள் விட்டுவிட முடியாததற்கு இதுவே காரணம்.

பட்டதாரிப் பொறியியலாளருக்கு வாஷிங்டன் உடன்படிக்கை இருப்பதுபோல, தொழில்நுட்பவியலாளருக்கு 2001இன் சிட்னி உடன்படிக்கையும், தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு 2002இன் டப்ளின் உடன்படிக்கையும் உள்ளன. மூன்றிலும் தொடர்பாடல் உண்டு. ஆனால் கையாளும் பிரச்சினையின் வகை வேறு. டப்ளின் நிலையில் பிரச்சினை வரையறுக்கப்பட்டுக் கையில் வரும். சிட்னி நிலையில் அது சற்று அகலமானது. வாஷிங்டன் நிலையிலோ பிரச்சினை சிக்கலானது, அதை வரையறுப்பதே பொறியியலாளரின் முதல் வேலை. வரையறுப்பது என்றால் எழுதுவது: எது தெரியும், எது ஊகம், யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு, ஏன் இந்தத் தீர்வு என்று பிறர் படித்து ஏற்கும்படி எழுதுவது. டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்கு ஏறுபவர் ஒரு வகை எழுத்திலிருந்து முற்றிலும் வேறொரு வகைக்கு மாறுகிறார். அவரது அனுமதிக் கடிதத்தில் இது எங்கும் குறிக்கப்படுவதில்லை.

மலையகத்துக்கு இது ஏட்டுப் பேச்சன்று. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, லயன்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்றும், மக்கள் அங்கிருந்து வெளியேற வேண்டும் என்றும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மண்ணைப் பற்றிய அறிவு இருந்தது. அந்த அறிவு தோட்ட நிர்வாகம், பிரதேச செயலகம், லயத்துக் குடும்பங்கள் என்று ஒவ்வொரு தரப்பும் தான் என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துகொண்டு நகரும் நிலைக்குப் போய்ச் சேரவில்லை. காணி யாருடையது, மாற்று வீடு எங்கே, அங்கிருந்து வேலைக்கு எப்படிப் போவது என்ற கேள்விகள் விடையின்றிக் கிடந்தன. எழுத்து ஒன்றே அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்வது மிகை. ஆனாலும் மண்ணியல் அளவீட்டையும் மனிதரின் நிலைமையையும் ஒரே அறிக்கையில் சேர்த்து வைக்கத் தெரிந்த பொறியியலாளர்கள் மலையகத்துக்கு எவ்வளவு தேவை என்பதை மீரியபெத்தையை விட அழுத்தமாகக் காட்டும் சம்பவம் வேறில்லை. வலப்பனைப் பக்கத்தில் 2007 ஜனவரியில் ஏற்பட்ட மண்சரிவுகளை நினைவில் வைத்திருக்கும் உடப்புசல்லாவைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மாணவர் கொண்டுவருவது

தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். அதற்கு முன் பெரும்பாலானவற்றில் ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் சில வகுப்புகளும் மட்டுமே இருந்தன. 1980களிலும் 90களிலும் சுவீடன், ஜெர்மனி நாடுகளின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தொடங்கிய பிறகு மலையகத்திலேயே பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் உருவானார்கள். ஆரம்பக் கல்வியில் இதன் பயன் தெரிகிறது. உயர்தரக் கணிதப் பிரிவுதான் இன்னும் எட்டாத இடமாக உள்ளது. இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் தமிழில் கற்பிக்க ஆசிரியர் உள்ள பாடசாலைகள் நுவரெலியா மாவட்டத்தில் அரிது. பல பிள்ளைகள் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று வெளியே தங்கிப் படிக்கிறார்கள். வசதி இல்லாதவர்கள் கலைப் பிரிவுக்குப் போய்விடுகிறார்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. இந்த ஏற்பாடு பலரை உள்ளே கொண்டுவந்திருக்கிறது. ஆயினும் மாவட்டம் முழுவதும் ஒரே அலகு என்பதால் நகரப் பாடசாலை மாணவரும் தோட்டப் பாடசாலை மாணவரும் அதே இடங்களுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். தவறிப்போகும் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் டிப்ளோமாப் பக்கம் திரும்புகிறார்கள்.

இந்தப் பாதையில் எழுத்து எங்கே வருகிறது? சாதாரண தரத்தில் தமிழ்மொழிப் பாடத்தில் கட்டுரை எழுதுகிறார்கள். அதன் தலைப்புகளும் நடையும் ஏறத்தாழ மனப்பாடமானவை: முன்னுரை, பொருளுரை, ஒரு திருக்குறள், முடிவுரை. உயர்தரத்தில் அதுவும் நின்றுவிடுகிறது. பௌதிகவியல், இரசாயனவியல் வினாத்தாள்களில் "அமைப்புக் கட்டுரை", "கட்டுரை" என்று பகுதிகள் உண்டு. பெயர்தான் அப்படி. அவற்றில் மாணவர் எழுதுவது சமன்பாடு, பிரதியீடு, விடை, அலகு, இடையில் ஒரு வரி விளக்கம். பொதுச் சாதாரணப் பரீட்சை பல்தேர்வு வினாக்களால் ஆனது, அனுமதிக்கு அதில் 30 புள்ளி போதும். பொது ஆங்கிலம் பெறுபேற்றில் அச்சாகிறது, ஆனால் இசட் புள்ளியில் சேராது. புள்ளி சேராத பாடத்துக்கு டியூஷன் வகுப்பில் நேரம் ஒதுக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. இரண்டு ஆண்டு, மூன்றாம் முறை தோற்றினால் நான்கு ஆண்டு, ஒரு முழுப் பத்தி எழுதாமலே கடந்துவிடுகிறது.

டிப்ளோமாவில் எழுத்து உண்டு, ஆனால் அது பதிவேட்டு எழுத்து. மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவகம் தியகமவில் நடத்தும் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவாகட்டும், உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கீழ் மட்டக்குளி, லபுதூவ, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் நடக்கும் பொறியியல் உயர் தேசிய டிப்ளோமாவாகட்டும், தொழில்நுட்பக் கல்லூரிகளின் தேசிய தொழில் தகைமை 5, 6ஆம் நிலைகளாகட்டும், செயன்முறைப் பயிற்சி அவற்றின் முதுகெலும்பு. பயிற்சிக் காலத்தில் நாள்தோறும் பதிவேடு எழுத வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் பயிற்சி பெறும் ஒருவரின் பதிவு இப்படி இருக்கும்: "2ஆம் இலக்க ரோலரின் பெயரிங் கழற்றப்பட்டது. புதியது பொருத்தப்பட்டது. கிரீஸ் இடப்பட்டது. ஓட்டிப் பார்க்கப்பட்டது." சுருக்கமும் ஒழுங்கும் உண்மையும் கொண்ட எழுத்து இது. மேற்பார்வையாளர் கையொப்பமிடுவார். அந்தப் பெயரிங் ஏன் ஒரே பருவத்தில் இரண்டு தடவை போனது, நனைந்த கொழுந்து அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்டதா, மாற்றாமல் விட்டால் தொழிற்சாலைக்கு என்ன நட்டம் என்று அந்தப் பதிவேடு கேட்காது. கேட்க வேண்டிய தேவையும் அந்த நிலையில் இல்லை.

பட்டம் கேட்பது

பட்டப்படிப்பின் பொதுப் பாடங்களில் தரப்படும் வேலையை எடுத்துக்காட்டோடு பார்ப்பது நல்லது. "சரிவில் உள்ள லயன் தொகுதியொன்றை அதே இடத்தில் பலப்படுத்துவதா, மக்களை இடம்மாற்றுவதா? விவாதிக்க" என்று ஒரு அசைன்மென்ட் வருகிறது என்று கொள்ளலாம். டிப்ளோமாப் பயிற்சி உள்ள மாணவர் சரிவின் பாதுகாப்புக் காரணியைக் கணித்து, அது 1.1 என்று கண்டு, "பாதுகாப்புக் காரணி 1.1 ஆகும். நிரந்தரச் சரிவுக்கு 1.5 தேவை. எனவே இடம்மாற்ற வேண்டும்" என்று மூன்று வரியில் முடிப்பார். கணக்கு சரி. முடிவும் சரியாக இருக்கலாம். புள்ளி மட்டும் வராது.

திருத்துபவர் எதிர்பார்ப்பது வேறு. 1.1 என்ற எண் எந்த மழைக்கு, எந்த நிலத்தடி நீர்மட்டத்துக்கு? மண்ணின் வலிமையை எங்கே அளந்தது, எதை ஊகித்தது? வடிகால் வெட்டினால் காரணி எவ்வளவு உயரும், அதைப் பராமரிப்பவர் யார்? இடம்மாற்றினால் புதிய காணியில் குடிநீர் உண்டா, பாடசாலை எவ்வளவு தூரம், மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பெரட்டு எனப்படும் காலை ஆள்பதிவுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? எதிர்த்தரப்பின் மிக வலிமையான வாதம் எது, அதற்கு மேலாகத் தன் முடிவு நிற்பது எப்படி? இவ்வளவையும் மூலங்களைச் சுட்டி, ஒன்றோடொன்று கோத்து, நான்கைந்து பக்கத்தில் எழுத வேண்டும். இந்த வினாக்களில் பாதிக்கு லயத்தில் வளர்ந்த மாணவரிடம் வகுப்பிலுள்ள வேறு யாரையும்விட நல்ல விடை இருக்கிறது. அது விடையாக எண்ணப்படும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே வேதனை. தான் கண்ணால் கண்டதை வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட்டு, இணையத்தில் கிடைத்த பொதுவான நான்கு வரிகளை நகல் செய்து கொடுக்கிறார்.

வரவு வைக்கப்படுவதும் மிஞ்சுவதும்

நடுவில் சேரும் ஏற்பாட்டின் இயக்கம் இந்தச் சிக்கலைப் பெரிதாக்குகிறது. 2012இல் வெளியான இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு, தொழிற்கல்வித் தகைமைகளையும் பல்கலைக்கழகத் தகைமைகளையும் ஒரே ஏணியில் பொருத்தியது. தேசிய தொழில் தகைமை 5 அதில் மூன்றாம் படி, 6 நான்காம் படி, பட்டம் ஐந்தாம் படி, சிறப்புப் பட்டம் ஆறாம் படி. இந்த ஏணி இல்லாவிட்டால் டிப்ளோமாக்காரருக்குப் பட்டம் கனவாகவே இருந்திருக்கும். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்மலானையில் உருவான யுனிவொடெக் எனப்படும் தொழில்சார் பல்கலைக்கழகமும் இவ்வழியால் வருபவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன.

ஆனால் ஏற்கெனவே படித்ததற்காகத் தரப்படும் விலக்கு பாடத்துக்குப் பாடம் கணிக்கப்படுவது. டிப்ளோமாவில் படித்த பொறிமுறையும் மின்சுற்றும் வரைதலும் பட்டத்தின் அதே பாடங்களுக்கு ஈடாகக் கணிக்கப்பட்டுக் கழிந்துவிடும். சமூகம், ஒழுக்கம், பொருளியல், ஆய்வெழுத்து ஆகியவற்றுக்கு டிப்ளோமாவில் ஈடான பாடம் இருப்பதில்லை. ஆகவே அவை கழியாமல் மிஞ்சும். முதலாம் ஆண்டிலேயே சேர்ந்த மாணவருக்கு இப்பாடங்கள் நான்கு ஆண்டுகளுக்குப் பரவி, கணிதப் பாடங்களுக்கிடையே ஒன்றிரண்டாக வரும். நடுவில் சேர்ந்தவருக்கோ அவை இறுதி ஆண்டுகளின் கடினமான தொழில்நுட்பப் பாடங்களோடும் செயற்றிட்டத்தோடும் ஒரேயடியாக வந்து விழும். அவருக்கு எளிதானவை கழிந்துபோக, கடினமானவை ஒன்றாகத் திரண்டு நிற்கின்றன. அதோடு, முதலாம் ஆண்டுக்காரருக்குக் கிடைக்கும் தொடக்க ஆங்கிலப் பயிற்சியும் இவருக்குத் தவறிவிடுகிறது.

இலங்கைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் 50 மணி நேரக் கற்றலுக்குச் சமம். மூன்று கிரெடிட் பொதுப் பாடம் ஒன்றுக்கு 150 மணி நேரம். அதில் விரிவுரை சிறு பங்குதான், மீதியெல்லாம் வாசிப்பும் எழுத்தும். ஆங்கிலக் கட்டுரையொன்றை அகராதியோடு வாசிப்பவருக்கு இந்த 150 மணி எங்கே போய் நிற்கும் என்று எந்த அட்டவணையும் கணக்கிடுவதில்லை.

மாறி வருபவர்களின் புள்ளிகள் முதல் பருவத்தில் சரிவதை அமெரிக்காவில் ஜே. ஆர். ஹில்ஸ் 1965இல் ஆராய்ந்து "இடமாற்ற அதிர்ச்சி" என்று பெயரிட்டார். கணிதமும் அறிவியலும் படிப்பவர்களிடம் சரிவு கூடுதலாக இருப்பதையும், பலர் அடுத்தடுத்த பருவங்களில் மீண்டுவிடுவதையும் அவரது ஆய்வு எடுத்துக்காட்டியது. மீள்வதற்கு அவகாசம் வேண்டும் என்பதே இதிலிருந்து இலங்கைப் பீடங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. முதல் பருவத்திலேயே எழுத்துப் பாடங்களைக் குவித்து வைப்பது அந்த அவகாசத்தைப் பறிக்கிறது.

மொழி

பொறியியல் கல்வி இலங்கையில் ஆங்கிலத்திலேயே தொடர்ந்து வருகிறது. பாடசாலையில் சுயமொழிக் கல்வி வந்து, கலைப் பீடங்கள் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறிய பின்னும் அது மாறவில்லை. தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்து வருபவர் ஆர்முடுகல், உந்தம், தகைப்பு, விகாரம் என்று கருத்துகளைத் தெளிவாக அறிந்துதான் வருகிறார். அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் சில வாரங்களில் வசமாகிவிடும். வாக்கியம் வசமாக ஆண்டுகள் ஆகும். "ஆயினும்", "இதனடிப்படையில்", "இக்கூற்று ஓரளவே பொருந்தும்" என்று தமிழில் நாம் ஒரு கருத்தை இன்னொன்றோடு பிணைக்கும் இடங்களை ஆங்கிலத்தில் எப்படிச் செய்வது என்பதே உண்மையான பாடம். சிக்கல் என்னவெனில், அந்தப் பிணைப்பைத் தமிழிலும் அவர் எழுதிப் பழகியிருக்கவில்லை.

கனடிய அறிஞர் ஜிம் கமின்ஸ் 1970களின் இறுதியிலிருந்து வலியுறுத்தி வந்த கருத்து இங்கே பொருந்துகிறது. தாய்மொழியில் வளர்ந்த வாசிப்பும் வாதத் திறனும் இரண்டாம் மொழிக்கு இடம்பெயரும், பேச்சுச் சரளம் வேறு கல்விமொழித் திறன் வேறு என்பது அவரது வாதம். அப்படியானால் தமிழில் வாதக் கட்டுரை எழுதிப் பழகியவர் ஆங்கிலத்தில் சொற்களைத்தான் தேட வேண்டியிருக்கும். பழகாதவர் சொற்களோடு சிந்தனையின் ஒழுங்கையும் ஒரே நேரத்தில் தேட வேண்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். தொழில்நுட்பத்தைத் தமிழில் எழுத முடியுமா என்ற கேள்விக்கு இந்த மண்ணில் விடை சொல்லி ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட ஆய்வு நூல் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. போர்க்கால யாழ்ப்பாணத்தில் முதலாம் ஆண்டு மாணவர்கள் அமெரிக்கப் பாடநூல் ஒன்றை வைத்து ஆங்கிலம் படித்தபோது, அந்நூலின் ஓரங்களில் அவர்கள் வரைந்த படங்களையும் கிறுக்கிய வரிகளையும் அவர் ஆராய்ந்தார். ஆங்கிலம் வேண்டும் என்று சொன்ன மாணவர்களே அந்நூலின் உலகத்திலிருந்து விலகி நின்றார்கள். பாடத்தின் பொருள் அன்னியமாக இருந்தால் மொழியும் அன்னியமாகவே நிற்கும் என்பதற்கு நம்மிடமிருந்தே எடுத்த சான்று இது.

பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவருக்கு வழக்கமாகக் கைகொடுப்பது குப்பி. பரீட்சைக்கு முன் சீனியரோ பெச்சில் கெட்டிக்காரரோ கரும்பலகை முன் நின்று, தாய்மொழியில் கணக்குகளைச் செய்து காட்டும் வகுப்பு அது. வெப்ப இயக்கவியலையும் தொகையீட்டையும் குப்பியால் கடந்தவர்கள் ஏராளம். கட்டுரைப் பாடத்துக்குக் குப்பி உதவுவதில்லை. கடந்த வினாத்தாளுக்கு விடை செய்து காட்டலாம், ஒருவரின் வாதத்தை இன்னொருவர் கரும்பலகையில் செய்து காட்ட முடியாது. அந்த இடத்தில் சீனியரின் பழைய அறிக்கை கைமாறுகிறது. மூலம் சுட்டாமல் எடுத்தது பிடிபட்டால் முழுப் பாடமும் போய்விடும்.

2022 இறுதியிலிருந்து எழுதித் தரும் கணினிச் செயலிகள் கைபேசியிலேயே வந்துவிட்டன. தமிழில் தான் எழுதிய பந்தியை ஆங்கிலமாக்கவும் இலக்கணப் பிழை நீக்கவும் அவற்றைப் பயன்படுத்துவது உண்மையான உதவி, பீடங்கள் அதைத் தெளிவான விதிகளோடு அனுமதிக்கலாம். முழு அசைன்மென்டையும் அவற்றிடம் கேட்டு வாங்குபவர், வைவாவில் தன் பெயரிலுள்ள வாக்கியத்தை விளக்க முடியாமல் நிற்பார்.

நேரமும் இடமும்

கணக்குப் போட அரை மணி கிடைத்தால் போதும். கட்டுரைக்குக் குலையாத நேரம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில், தொலைக்காட்சியும் சமையலும் தம்பி தங்கையின் பாடமும் ஒன்றாக நடக்கும் இடத்தில், அந்த நேரம் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் வரும். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. பிள்ளையின் மடிகணினியும் டேட்டாவும் பஸ் செலவும் அதிலிருந்தே வர வேண்டும். திறந்த பல்கலைக்கழகம் கட்டணம் அறவிடுவது, ஆகவே தவறவிட்ட பாடத்தைத் திரும்பச் செய்வது பணத்திலும் அடிக்கிறது. வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்களுக்கு வார இறுதி வகுப்புக்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்வர ஒரு முழு நாள் கழிந்துவிடும். திறந்த பல்கலைக்கழகத்தின் ஹட்டன் நிலையம் போன்றவற்றில் எழுத்துக்கு உதவும் ஒருவர் வாரம் ஒருநாள் அமர்ந்தால் கிடைக்கும் பயன், கொழும்பில் நடக்கும் பத்துக் கருத்தரங்குகளுக்கு மேல்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் நிலைமை வேறு உருவில் இருக்கிறது. அங்கே பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்தவர்கள் பி.இ. படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிறார்கள். இதற்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்துகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடங்கள் முதல் இரண்டு பருவங்களில் இருப்பதால், நேரடியாக மூன்றாம் பருவத்துக்கு வருபவர் அவற்றைச் செய்வதே இல்லை. 2022–23இல் சேர்க்கப்பட்ட "தமிழர் மரபு", "தமிழரும் தொழில்நுட்பமும்" ஆகிய பாடங்களும் அந்த இரண்டு பருவங்களுக்குரியவை. இலங்கையில் எழுத்துப் பாடம் குவிந்து நிற்கிறது, தமிழ்நாட்டில் தாண்டிப் போய்விடுகிறது. இறுதியாண்டுத் திட்ட அறிக்கை எழுதும்போது இரண்டு இடத்திலும் அதே குறை வெளிப்படுகிறது. பாடத்தைக் கழித்துவிடுவது மாணவருக்குச் செய்யும் சலுகை என்ற எண்ணம் தவறு.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. சேர்க்கை பெருகவில்லை. வேலைவாய்ப்பு ஆங்கிலத்தில் இருக்கும்வரை பெற்றோர் தயங்குவது இயல்பே. மேலே சொன்ன "தமிழர் மரபு", "தமிழரும் தொழில்நுட்பமும்" ஆகிய இரு பாடங்களில்தான் இலங்கைக்கு உரிய குறிப்பு இருக்கிறது: பட்டம் முழுவதையும் மாற்றாமலே, தன் மக்களின் தொழில்நுட்பத்தைப் பொருளாகக் கொண்ட பொதுப் பாடம் ஒன்றைப் பொறியியல் மாணவருக்கு வைக்க முடியும்.

செய்யக்கூடியவை

மிக எளிதானது, பாடங்களின் வரிசையை மாற்றுவது. நடுவில் சேரும் மாணவருக்கு முதல் பருவத்தில் ஓர் எழுத்துப் பாடமும், ஏனையவை பருவத்துக்கு ஒன்றாகவும் என்று பீடமே அட்டவணை வகுத்துக் கொடுக்கலாம். செலவில்லாத காரியம்.

அடுத்தது, கட்டுரையை ஒரே தடவையில் வாங்கிப் புள்ளியிடுவதைக் கைவிடுவது. சட்டகம், முதல் வரைவு, திருத்திய வரைவு என்று மூன்று கட்டமாக வாங்கி, முதல் இரண்டுக்கும் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுக்கும்போதுதான் எழுத்து கற்பிக்கப்படுகிறது. சட்டகத்தையும் முதல் வரைவின் குறிப்புகளையும் தமிழில் எழுத அனுமதித்தால், மாணவர் சிந்தனையின் ஒழுங்கை முதலில் தீர்த்துக்கொண்டு, பிறகு மொழிக்குத் திரும்பலாம். தமிழ் தெரிந்த போதனை உதவியாளர்கள் பேராதனையிலும் மொறட்டுவையிலும் இருக்கவே செய்கிறார்கள்.

எழுத்தைப் பொதுப் பாடத்துக்குள் மட்டும் அடைத்து வைக்காமல் தொழில்நுட்பப் பாடத்துக்குள் கொண்டுவருவது இன்னும் பயனுள்ளது. மண் பொறிமுறை ஆய்வுகூட அறிக்கையில் "இந்த முடிவை நம்பலாமா, ஏன்" என்று ஒரு பக்கம் கட்டாயமாக்கினால், கணக்கில் கெட்டிக்காரரான டிப்ளோமா மாணவர் தனக்குத் தெரிந்த பொருளில் வாதிக்கப் பழகுவார். பழைய பயிற்சிப் பதிவேட்டையே எடுத்து, அதிலுள்ள ஒரு பழுதைப் பற்றி இரண்டு பக்கம் காரணம் எழுதச் சொல்வது இதைவிட நல்ல தொடக்கம். அந்த ரோலர் பெயரிங்கைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் வகுப்பில் இல்லை.

வாசிப்புப் பட்டியலும் மாற வேண்டும். தொழில்நுட்பமும் சமூகமும் என்ற பாடத்துக்கு இங்கிலாந்தின் நெசவாலைகளை மட்டும் படிக்கக் கொடுப்பானேன்? மடக்கும்புரையில் பிறந்து தோட்ட வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய சி. வி. வேலுப்பிள்ளையின் நூல்கள், மு. நித்தியானந்தனின் "கூலித்தமிழ்", தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆவணங்கள் ஆகியவை அதே பாடத்துக்குள் இயல்பாக அமரும். சிங்கள மாணவருக்கும் இவை நாட்டின் பாதி வரலாற்றைத் திறந்து காட்டும்.

பாடசாலையில் வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2013இல் தொடங்கிய உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு, கணித ஆசிரியர் இல்லாத மலையகப் பாடசாலைகளுக்கும் ஒரு வாசலைத் திறந்தது. அதன் செயற்றிட்ட வேலையில் தமிழில் ஐந்து பக்க அறிக்கையொன்றை, வினா, அளவீடு, எதிர்வாதம், முடிவு என்ற ஒழுங்கில் எழுத வைப்பதற்குப் புதிய பாடத்திட்டமோ புதிய ஆசிரியரோ தேவையில்லை. பத்தனையில் பயிலும் ஆசிரியர்களுக்கு அப்படியான அறிக்கையைத் திருத்தக் கற்றுக்கொடுத்தால் போதும்.

பட்டம் பெற்றதும் எழுத்து விட்டுவிடுவதில்லை. பட்டயப் பொறியியலாளர் ஆவதற்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் முன் தன் தொழில் அனுபவத்தை அறிக்கையாக எழுதி, எடுத்த முடிவுகளுக்குக் காரணம் சொல்லி, நேர்முகத்தில் அதை நிலைநிறுத்த வேண்டும். டிப்ளோமாவிலிருந்து ஏறி வந்தவர்களிடம் அந்த அனுபவம் ஏனையோரைவிடக் கூடுதலாகவே இருக்கும். கேள்விமனு, மதிப்பீடு, ஒப்பந்தக் கடிதம், விபத்து விசாரணை என்று அதற்குப் பிந்திய பணிக்காலமும் எழுத்தாலேயே நடக்கிறது.